கற்சுவர் திரும்பி வந்த கதை

2024 மே 10. நள்ளிரவு தாண்டிவிட்டது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ஷெனண்டோவா கவுண்டி. முந்தின நாள் மாலை கூடிய பள்ளி வாரியம், மணிக்கணக்காக ஊரார் பேச்சைக் கேட்டுவிட்டு வாக்கெடுத்தது: ஐந்துக்கு ஒன்று. 'மவுண்டன் வியூ' உயர்நிலைப் பள்ளி மறுபடியும் 'ஸ்டோன்வால் ஜாக்சன்' ஆனது.

ஜாக்சன், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தளபதிகளில் ஒருவர். 1861இல் புல் ரன் போரில் கற்சுவர் மாதிரி நின்றாராம். 'ஸ்டோன்வால்' என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது. 1862இல் இதே ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் தன்னுடையதைவிடப் பெரிய படைகளை அலைக்கழித்தவர். ஊர்க்காரர்களுக்கு அவர்மேல் பிடிப்பு இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஆனால் பள்ளிக்கு அந்தப் பெயர் வந்த ஆண்டைப் பாருங்கள்: 1959. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொல்லிவிட்டது. சேர்த்து உட்காரவைப்பதற்குப் பதில், வர்ஜீனியா அரசு 1958இல் சில பள்ளிகளை இழுத்துப் பூட்டியே விட்டது. அந்தச் சூட்டில் வைத்த பெயர். தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும்!

2020இல் ஊரைக் கேட்காமல் அவசரமாக அந்தப் பெயரை நீக்கினார்கள் என்பது பழைய பெயரைக் கேட்டவர்களின் குறை. அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அப்படி அவசரப்பட்டு, சான் பிரான்சிஸ்கோவில் 2021இல் லிங்கன் பெயரில் இருந்தது உட்பட 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானித்து, சில மாதங்களிலேயே பின்வாங்கிய கூத்தும் நடந்ததே.

இருந்தாலும், பள்ளி அணியின் ஜெர்சியை நினைத்துப் பாருங்கள். கறுப்பினப் பிள்ளை ஒன்று பள்ளி அணிக்காக விளையாட வேண்டுமென்றால், அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் களத்தில் ஓட வேண்டிய நிலை வந்தது. பழைய பெயர் திரும்பியதை எதிர்த்து 2024 ஜூனில் வழக்குத் தொடுத்தவர்கள் முன்வைத்த வாதங்களில் இதுவும் ஒன்று.