திருக்கடையூரிலிருந்து தனுஷ்கோடிக்கு

உங்களுக்கு வயது என்ன என்று நான் கேட்கப் போவதில்லை. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது என்பது பத்திரிகைத் தொழிலில் முதல் வருஷத்திலேயே நான் கற்றுக்கொண்ட பாடம். ஆனால் தமிழ்நாட்டில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே யாரும் வயதை ஒளிப்பதில்லை. "எனக்கு அறுபது!", "எனக்கு எழுபது!", "எனக்கு எண்பது!" என்று மாலையும் கழுத்துமாகப் பெருமையோடு நடமாடுகிறார்கள். அந்த ஊர்தான் திருக்கடையூர்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால், செம்பனார்கோயில், ஆக்கூர் எல்லாம் தாண்டி, ஒரு மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். 2024 டிசம்பரில், மார்கழிப் பனி விலகாத ஒரு காலைப் பொழுதில் நான் இறங்கினேன். "அறுபதாம் கல்யாணங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வாரும்" என்பது ஆசிரியரின் உத்தரவு.

மார்கழியில் கல்யாணமா என்று கேட்பீர்கள். சாதாரணக் கல்யாணத்துக்குத்தான் முகூர்த்த மாதம் வேண்டும். சஷ்டியப்த பூர்த்திக்குக் கணக்கே வேறு. பிரபவ முதல் அட்சய வரை நம் தமிழ் வருஷங்கள் அறுபது. ஒருவர் பிறந்த வருஷம் அறுபது ஆண்டு கழித்துத்தான் மறுபடியும் வரும். அந்த வருஷத்தில், அதே மாதத்தில், அதே நட்சத்திரத்தில் சாந்தி செய்துகொள்ள வேண்டும். 2024 ஏப்ரலில் பிறந்த வருஷத்துக்குக் குரோதி என்று பெயர். அதற்கு முந்தைய குரோதி 1964 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே, அன்று கலசங்களுக்கு எதிரே மணையில் உட்கார்ந்திருந்த அறுபது வயது மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் 1964 மார்கழிக் குழந்தைகள்!

இந்த ஸ்தலத்துக்கு ஏன் இந்த மகிமை என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். பதினாறு வயதோடு ஆயுள் முடிந்துவிடும் என்ற மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்கிறான். காலன் பாசக் கயிற்றை வீசுகிறான். சுவாமி வெளிப்பட்டுக் காலனைக் காலால் உதைக்கிறார். கால சம்ஹார மூர்த்தியைத் தரிசித்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தக் கதையில் பிள்ளை இருக்கிறான், எமன் இருக்கிறான், சுவாமி இருக்கிறார். பதினாறு வருஷமும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாளே, அவனைப் பெற்றவள், அவளிடம் போய் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அந்த யோசனையோடு மண்டபத்துக்கு வந்தவன், தூண் ஓரமாக ஒரு மூதாட்டி தனியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். எண்பது வயது இருக்கும். அவருக்கு எதிரே அவருடைய மகனுக்குக் கலச நீர் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பேரன் பேத்திகள் போனும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிழவி மட்டும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"மகன் கல்யாணத்தைப் பார்க்கவில்லையா, அம்மா?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பார்க்காம என்ன, தம்பி! இன்னைக்குத்தான் முதல் தடவையா அவன் பிறந்தநாளைக் கொண்டாடுறோம். இத்தனை வருஷமா ஒரு பாயசம்கூட வச்சதில்லை நான்."

இதற்குமேல் அவரைப் பேசவைக்க என் தொழில் சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. அறுபது வருஷமாக யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் தனுஷ்கோடி. அவருடைய தகப்பனார் அங்கே ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அது தனுஷ்கோடி ஓஹோவென்று இருந்த காலம். எழும்பூரில் புறப்படும் போட் மெயில் அங்கே வந்து நிற்கும். அங்கிருந்து கப்பல் ஏறினால் தலைமன்னார். தலைப்பிரசவத்துக்காகப் பெண் பிறந்தகத்துக்கு வந்திருந்தாள். டிசம்பர் மூன்றாம் வாரம் மழையும் காற்றுமாக இருந்தது. தகப்பனாருக்கு மனசு சரியில்லை. தாயையும் பெண்ணையும் பரமக்குடியில் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பிவிடத் தீர்மானித்தார்.

"நான் மாட்டேன்னு அழுதேன், தம்பி. பிறந்த வீட்டிலே பெத்துக்க வந்தவளை வெளியே அனுப்புறீகளேன்னு சண்டை போட்டேன். ஞாயித்துக்கிழமை வண்டியிலே ஏத்திவிட்டாக. 'நான் வந்துதான் பேரனுக்குச் சேனை வைப்பேன், அதுவரைக்கும் யாரும் வைக்கக் கூடாது. செவ்வாக்கிழமை ராத்திரி டியூட்டி முடிச்சுட்டுக் காலை வண்டியிலே வந்துடுறேன்'னு ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டே சொன்னாக. நான் கோவத்திலே முகத்தைத் திருப்பிக்கிட்டேன்."

செவ்வாய்க்கிழமை என்பது 1964 டிசம்பர் 22. அன்று இரவு புயல் பரமக்குடி ஓட்டையும் உலுக்கியது. அரிக்கன் விளக்கு இரண்டு தடவை அணைந்தது. மருத்துவச்சி மூன்றாம் தடவை ஏற்றியபோது பிள்ளை அழுதது. விடிந்ததும் சீனித் தண்ணீரைக் கரைத்துவைத்துக்கொண்டு தாத்தாவுக்காகக் காத்திருந்தார்கள். காலை வண்டி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வண்டி வருவதற்குத் தண்டவாளமே இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த இரவு தனுஷ்கோடியைக் கடல் மூடியது. பாம்பனிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு போன பாசஞ்சர் வண்டியை அலை அப்படியே கொண்டுபோயிற்று. அந்த வண்டிக்காக ஸ்டேஷனில் காத்திருக்கும் முறை அன்று அந்தத் தகப்பனாருடையது. அவர் உடல் கிடைக்கவில்லை.

"தாத்தா இறந்த நாள் என்பதால் என் பிறந்தநாளைக் கொண்டாடுவதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்" என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஈர வேஷ்டியோடு, மாலை கழுத்தோடு மகன் நின்றுகொண்டிருந்தார். "அம்மா சண்டை போட்டுவிட்டுப் போனது எனக்குத் தெரியாது."

கிழவி அவரை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு நான் உசிரு கொடுத்தேன்னு எல்லாரும் சொல்றாகடா. நீ வயித்திலே இல்லேன்னா நானும் உன் ஆச்சியும் அன்னைக்கு அந்த வீட்டிலேதான் படுத்திருப்போம். எங்களுக்கு நீ கொடுத்த உசிருடா இது. இதை உன்கிட்டே சொல்ல எனக்கு வாய் வரலை."

அன்று விருந்தில் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள், நினைவில்லை. பந்தி முடிந்ததும் மகன் என்னிடம் வந்தார். "அம்மா ஒரே ஒரு ஆசை சொல்லுகிறாள். புயலுக்குப் பிறகு அந்த மண்ணை அவள் மிதித்ததே இல்லை. இப்படியே போகிறோம். வேனில் ஓர் இடம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள்" என்றார். ஆசிரியருக்குத் தகவல் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

நாகப்பட்டினம், முத்துப்பேட்டை, தொண்டி, தேவிபட்டினம் என்று கடலை ஒட்டியே சாலை போகிறது. பாம்பனைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. பக்கத்தில் 1914ல் திறந்த பழைய ரயில் பாலம் கோடாகத் தெரிந்தது. 1964 புயல் அதன் கர்டர்களையும் விட்டுவைக்கவில்லை. 46 நாளில் செப்பனிட்டு மறுபடி வண்டி விட்டார்கள். 2022 டிசம்பரோடு அதில் வண்டி ஓட்டம் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை யாரும் திரும்பப் போடவில்லை. மனிதர் வசிக்கத் தகாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் ராமேசுவரத்திலிருந்து புறப்பட்டோம். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் முன்பெல்லாம் மணலில்தான் போகவேண்டும். 2017ல் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை வந்துவிட்டது. ஒரு பக்கம் வங்கக் கடல் குளம்போலக் கிடக்கிறது, அதைப் பெண் கடல் என்கிறார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா சதா இரைகிறது, அது ஆண் கடல். நடுவே பவளக் கல்லால் கட்டிய மாதா கோயிலின் மொட்டைச் சுவர்கள். அப்பால் ரயில்வே ஸ்டேஷன் என்று சொல்லும்படி இடிந்த சில சுவர்கள்.

ஸ்டேஷன் எதிரே அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். வீடு எந்த இடம் என்று கேட்டார்கள் பேத்திகள். அவர் கையை நீட்டிக் காட்டிய இடத்தில் மணலைத் தவிர ஒன்றுமில்லை.

கீற்றுக் குடிசையிலிருந்து மீனவப் பெண் ஒருத்தி குடத்தோடு வந்தாள். அந்த ஊர் அதிசயம் ஒன்றை அப்போது நேரில் கண்டேன்: இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது! அவள் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பினாள்.

"ஆத்தா, எனக்கு ஒரு சிரட்டை தண்ணி தாரியா?" என்றார் கிழவி. பிறகு பேத்தியைப் பார்த்து, "டீக்கடையிலே கொஞ்சம் சீனி வாங்கிட்டு வா" என்றார்.

சீனி வந்தது. விரலால் கரைத்தார். அறுபது வயது மகன், பாங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மணலில் மண்டியிட்டு வாயைத் திறந்தார். புடவைத் தலைப்பை அந்தத் தண்ணீரில் நனைத்து, மூன்று சொட்டு, அவர் நாக்கில் விட்டார் தாய்.

"உன் தாத்தா வைக்கிற சேனைடா. கொஞ்சம் நேரமாயிடுச்சு" என்றார்.

பேத்திகளில் ஒருத்திகூடப் போனை எடுக்கவில்லை. நானும் நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வேனில் திரும்பும்போது, ராமேசுவரம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அந்த அம்மாள். பாயசத்துக்கு ஜவ்வரிசியும் வெல்லமும் வாங்க வேண்டுமாம்.