விடுபட்ட இடம்

உ.வே.சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. ஏடுகளில் அவை கிடைக்கவில்லை. எண்கள் மட்டும் நிற்கின்றன. இல்லாததன் இடத்தைக் காப்பதும் படியெடுப்போர் கடன். கணினி வன்தட்டு ஒன்று அதை எங்களுக்கு மீண்டும் உணர்த்தியது.

பெரியாற்று நீர் குழாய்களில் இறங்கி மின்சாரமாகும் லோயர் கேம்ப்பில், நண்பர் வீட்டில் பழுதாகிக் கிடந்தது அது. கம்பம் பள்ளத்தாக்கின் மூதாட்டிகள் பாடிய நடவுப் பாட்டுகள் அதில் மட்டுமே இருந்தன. பாடியவர்களில் பலர் இன்றில்லை.

அதை லினக்ஸ் கணினியில் பொருத்தினோம். 'டிடி' என்னும் கட்டளைக்குக் கோப்பும் தெரியாது, பாட்டும் தெரியாது. முதல் பைட் தொடங்கிக் கடைசி பைட் வரை வரிசையாகப் படியெடுக்கும். படிக்கவியலாத இடத்தில் நின்றுவிடும். 'நோஎரர்', 'சிங்க்' என்று சேர்த்தால், அவ்விடத்தைச் சுழியங்களால் நிரப்பி மேற்செல்லும். நிரப்பாவிட்டால் பின்னுள்ளவை முன்னகர்ந்து, நல்ல பாட்டும் சிதையும்.

நோய் முற்றிய தட்டுக்கு 'டிடிரெஸ்க்யூ' உகந்தது. நலமான பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, விடுபட்டவற்றைக் குறித்துவைத்து மீண்டும் முயலும். அதையே கைக்கொண்டோம்.

பெரும்பாலான பாட்டுகள் மீண்டன. ஒன்றின் நடுவே மட்டும் ஓரிரு நொடி மௌனம். அதை வெட்டி ஒட்டுவதில்லை என்று முடிவுசெய்தோம்.