இறுக்குவதும் இறுகுவதும்

தெற்கு டெல்லியில், முனிர்க்காவை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய கார் பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துபவர் சேலத்துக்காரர், டெல்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. உதவிக்கு இருப்பவன் தர்பங்காவிலிருந்து ஐ.டி.ஐ. முடித்து வந்த இளைஞன். அவன் வீட்டுமொழி மைதிலி. இருவருக்கும் பொதுவானது பட்டறை இந்தி. போல்ட்டுகளை மாட்டி முடித்ததும் இளைஞன் சொல்வது: "கஸ் தியா, உஸ்தாத்." அதற்கு உஸ்தாத் திருப்பிக் கேட்பது: "கஸ் கயா?"

கேட்பவர்களுக்கு இது ஒரே சொல்லைத் திருப்பிக் கேட்பதுபோலத் தோன்றும். அப்படியன்று. இந்தியில் 'கஸ்னா' என்னும் வினை இறுக்குவதையும் குறிக்கும், இறுகுவதையும் குறிக்கும். பின்னால் வரும் துணைவினைதான் இரண்டையும் பிரிக்கிறது. கொடுத்தலைக் குறிக்கும் 'தியா' சேர்ந்தால் ஆள் செய்த செயல். போதலைக் குறிக்கும் 'கயா' சேர்ந்தால் பொருள் அடைந்த நிலை. ஆங்கிலத்துக்கு அந்தத் துணையும் இல்லை. 'டைட்டன்' என்ற ஒரே சொல்லே இரண்டுக்கும் போதும். தமிழிலோ வேறுபாடு வினையடியிலேயே ஏறியிருக்கிறது: இறுகு, இறுக்கு. திரும்பு-திருப்பு, ஓடு-ஓட்டு, தளர்-தளர்த்து என்று நீளும் இந்த இணைகளைத்தான் கு. பரமசிவம் 'இக்காலத் தமிழ் மரபு' நூலில் இயங்குவினை, இயக்குவினை எனப் பிரித்துக் காட்டினார். 'எவ்வளவோ எழுப்பினேன், எழவில்லை' என்று எந்தத் தாயும் தயங்காமல் சொல்வாள். அதுபோல 'இறுக்கினேன், இறுகவில்லை' என்பதிலும் தமிழ்க் காதுக்கு முரண் எதுவும் கேட்பதில்லை.

போல்ட் விஷயத்தில் இது இலக்கண நுணுக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. பானாவைச் சுற்றும் கை தருவது முறுக்கு. இரண்டு உலோகப் பரப்புகளையும் நடுவிலிருக்கும் கேஸ்கட்டையும் சேர்த்துப் பிடிப்பதோ போல்ட்டின் இழுப்பு. போல்ட் என்பது மிக விறைப்பான ஒரு சுருள்வில். மயிரிழை அளவு நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்வதால்தான் அது பிடிக்கிறது. ஆனால் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்ந்தே தீர்ந்துவிடுகிறது. இன்னொரு நாற்பது விழுக்காட்டை மரைகளின் உராய்வு தின்றுவிடுகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். இந்தி பேசும் பட்டறைகளில் மரைக்குச் 'சூடி', அதாவது வளையல், என்று பெயர். மரை அழிந்தால் வளையல் 'செத்துவிட்டது' என்பார்கள். தமிழில் மரை கழல்வது போல்ட்டுக்கு மட்டும் நேர்வதில்லை என்பது எல்லோரும் அறிந்தது.

பட்டறைக்கு வந்தது மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். இன்டேக் மேனிஃபோல்ட்டைக் கழற்றி கேஸ்கட் மாற்றும் வேலை. ஆறு போல்ட்டுகள், 8 மி.மீ. தடிமன், 12 நம்பர் பானா. இவ்வகை போல்ட்டுகளுக்குக் கையேடுகள் பொதுவாகச் சொல்லும் அளவு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர். சரியான எண்ணை அந்தந்த இன்ஜினின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். இளைஞன் பார்த்தான். டார்க் ரெஞ்சை அந்த எண்ணில் வைத்து, இடப்பக்க ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே மூச்சில் 'கிளிக்' ஓசை வரும்வரை முறுக்கி, வலப்பக்க ஓரத்தில் முடித்தான். எண்ணில் பிழை இல்லை.

இரண்டு வாரத்தில் கார் திரும்பி வந்தது. சிக்னலில் நின்றால் இன்ஜினின் வேகம் ஏறி இறங்கியது. வலப்பக்கத்திலிருந்து மெல்லிய 'உஸ்' ஓசை. இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது மேனிஃபோல்ட்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். தலைமுடி நுழையும் இடுக்கு கிடைத்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். இடுக்குக்கு அருகிலுள்ள சிலிண்டருக்குப் பெட்ரோல் விகிதம் குறைந்து, அது சரியாக எரியாமல் தடுமாறும்.

ஓசை வந்த இடத்துக்கு மிக அருகிலிருந்த போல்ட்டை இளைஞன் இன்னும் கொஞ்சம் டைட் செய்தான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பானா சட்டென்று இலேசாகிச் சுழன்றது. அலுமினிய ஹெட்டிலிருந்த மரை போல்ட்டோடு உரிந்து வந்துவிட்டது.

கசிவுக்கான காரணம் அந்த போல்ட்டிலேயே இல்லை. ஓரத்து போல்ட்டை முதலில் முழுதாக முறுக்கியதும் மேனிஃபோல்ட்டு அந்தப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. பின்னர் வந்த போல்ட்டுகளின் பலம் சாய்வை நிமிர்த்துவதிலேயே செலவாகி, கேஸ்கட்டை அழுத்தக் குறைவாகவே மிஞ்சியது. போதாததற்கு, ஒரு போல்ட்டை இறுக்கும்போது கேஸ்கட் அமுங்குவதால் பக்கத்து போல்ட்டின் பிடி தளர்கிறது. முதலில் 'கிளிக்' சொன்ன போல்ட் ஆறாவதை முடிக்கும்போதும் அதே பிடியில் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. ரெஞ்ச் அந்தக் கணத்து முறுக்கை மட்டுமே அறியும்.

மரை உரிந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது: எண்ணெய். கையேட்டின் எண் உலர்ந்த மரைக்கு உரியது. எண்ணெய் பட்டால் உராய்வு குறையும். அதே முறுக்கில் போல்ட்டுக்குப் போய்ச்சேரும் இழுப்பு கணிசமாகக் கூடும். பலமுறை கழற்றி மாட்டிய அலுமினிய மரை அதைத் தாங்குவது கடினம். எந்த போல்ட்டை மாட்டினாலும் ஒரு சொட்டு எண்ணெய் விடு என்பது உஸ்தாத் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் பாடம். துரு பிடித்த சக்கர போல்ட்டுகளோடு மல்லுக்கட்டிய காலத்தில் வந்த பழக்கம். மரையைத் துளைத்து ஹெலிகாயில் போட்ட செலவை உதவியாளின் கூலியில் பிடிப்பதுதான் அந்தச் சந்தின் வழக்கம். எண்ணெய்க் குப்பியைப் பார்த்தபின் அவர் பிடிக்கவில்லை.

கல்விப்புலத்தில் இத்தகைய கதைக்கு முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஒன்று, அளவுகோல் இல்லாத கைப்பழக்கத்தின் தோல்வி. அல்லது மைக்கேல் போலானியைத் துணைக்கு அழைத்து, எண்ணுக்குள் அடங்காத கைப்பக்குவத்தின் வெற்றி. இரண்டும் இங்கே பொருந்தவில்லை. கை உணர்வதும் உராய்வைத்தான், ரெஞ்ச் அளப்பதும் பெரும்பாலும் உராய்வைத்தான். எண்ணெயும் அழுக்கும் இரண்டையும் ஒன்றுபோல ஏமாற்றும். கைப்பக்குவத்தைப் போற்றி எழுதுபவர்களில் எத்தனை பேர் மரை உரிந்த ஹெட்டைப் பார்த்திருப்பார்கள் என்பது தனிக் கேள்வி.

மறுமுறை வேலை நடந்த விதம் வேறு. இன்ஜின் முழுதும் ஆறும்வரை காத்திருந்தார்கள்; ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், சூட்டில் முறுக்கிய பிடி ஆறியதும் தளர்ந்துவிடும். துவாரங்களில் துணி அடைத்து, பழைய கேஸ்கட்டின் பிசிறுகளைப் பரப்பில் கீறல் விழாமல் சுரண்டினார்கள். மரைகளைத் துடைத்து உலர்த்தினார்கள். ஆறு போல்ட்டுகளையும் விரலால் மட்டும் கடைசிவரை ஏற்றினார்கள். விரலுக்கு இடறும் போல்ட்டைப் பானாவிடம் கொடுப்பதில்லை. பிறகு நடுவில் தொடங்கி, இடமும் வலமுமாக மாறி மாறி ஓரத்தை நோக்கிச் சென்றார்கள். முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாவதில் முக்கால், மூன்றாவதில் முழு அளவு. அதே எண்ணில் நான்காவது சுற்றும் வந்தார்கள். முன்பே முடிந்ததாக நினைத்த இரண்டு போல்ட்டுகள் 'கிளிக்' வருமுன் மேலும் சற்று நகர்ந்தன. ரெஞ்சும் பக்கத்துக் கடையில் வாங்கிய சிறிய ரெஞ்ச். பட்டறையில் இருந்தது 200 நியூட்டன் மீட்டர் வரை அளப்பது; இவ்வகைக் கருவிகளை அவற்றின் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்புவது நல்லதன்று.

கையேட்டில் முறுக்கின் அளவு ஒரு பக்கத்திலும், மரைகள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்ற வரி வெகு முன்னால், யாரும் படிக்காத பொதுக்குறிப்புகளின் பக்கத்திலும் இருந்தன. இளைஞனின் குறிப்பேட்டில் இப்போது இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எண்ணை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான், அந்த வரியை மைதிலியில்.