அம்மா சொன்ன ஒரே இடம்

கோலாலம்பூர் எங்களுக்கு ஒன்றும் சீமை இல்லை. கமுந்திங்கில் இருக்கும் யாரைக் கேட்டாலும், போன மாதம் கூடப் போய் வந்தேன் என்பார்கள். கல்யாணம், காரியம், மகனைப் பல்கலைக்கழகத்தில் விட, மகளைச் சுபாங் விமான நிலையத்தில் ஏற்ற என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். ஆனால் ஊரைப் பார்க்கவென்றே, வேறு வேலை எதுவும் இல்லாமல் எத்தனை குடும்பங்கள் போயிருக்கும்? எங்கள் வீட்டில் நாற்பது வருடத்தில் ஒருமுறை கூட இல்லை.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. தலைநகருக்கு அவர் போனது மொத்தம் மூன்று முறை. முதல் முறை தைப்பூசத்துக்கு. தோட்டத்து ஆட்களோடு இரவில் பஸ் ஏறி, விடியற்காலையில் பத்துமலையில் இறங்கி, மறுநாள் இரவே திரும்பிவிட்டார். இரண்டாவது முறை சித்தி மகள் கல்யாணம். மூன்றாவது முறை அப்பாவின் இருதயச் சிகிச்சைக்காகப் போய் மருத்துவமனை வராந்தாவில் இருந்த ஒன்பது நாள். "கேயல்லு எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டால், "வெள்ளையா பெயிண்டு அடிச்சிருக்கும், மருந்து வாடை வரும்" என்பார்.

அதனால்தான் சென்ற பள்ளி விடுமுறைக்கு மூன்று நாள் பயணம் என்று முடிவு செய்தோம். நான் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எக்செல் கட்டம் போடாமல் எனக்குக் கை ஓடாது. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று பத்தி, காலை ஏழு முதல் இரவு பத்து வரை அரைமணிக்கு ஒரு வரிசை. வீட்டுப் புலனக் குழுவில் அறிவிப்பும் போட்டேன்: ஆளுக்கு இரண்டு இடம் சொல்லலாம்.

மகளுக்கு வயது பதின்மூன்று. இரட்டைக் கோபுரமும் கெந்திங்கும் என்றாள். ஒன்பது வயது மகனுக்கு அக்குவாரியா மீன் காட்சிச்சாலை, கெந்திங் கேபிள் கார். மனைவிக்கு மஸ்ஜிட் இந்தியா சேலைக்கடைகள். இரண்டாவது இடம் என்னவென்று கேட்டதற்கு, அங்கேயே இன்னும் இரண்டு மணி நேரம் என்று பதில் வந்தது. நான் பத்துமலையைப் போட்டேன். அம்மாவிடம் நேரில் போய்க் கேட்டேன்.

"சம்பந்தன் கட்டடம்" என்றார்.

பிரிக்பீல்ட்ஸைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அங்குள்ள பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர். மோனோரயில் நிலையம் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். "பிரிக்பீல்ட்ஸ்லதாம்மா தங்கவே போறோம்" என்றேன்.

"சாலை இல்ல தம்பி. கட்டடம். தோட்டம் வாங்குனாங்கல்ல, அந்தச் சங்கத்துக் கட்டடம்."

தேடிப் பார்த்தேன். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம், விஸ்மா துன் சம்பந்தன். ஜாலான் சுல்தான் சுலைமானில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் ஒரு அலுவலகக் கட்டடம், அவ்வளவுதான். அதோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மா, அது ஆபீசு. அங்க பாக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லதான்" என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். நானும் கட்டத்தில் அவர் பெயருக்கு நேராக 'பத்துமலை' என்று போட்டுக்கொண்டேன். கோயிலுக்குப் போவதை எந்த அம்மா வேண்டாம் என்பார்?

ரயில் டிக்கெட் போடுவதற்கு முதல் நாள் அம்மா சொன்னார்: "முட்டி வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க. எனக்கு ரெண்டு நாளைக்கு ரசம் வச்சுட்டுப் போனா போதும்."

முட்டி வலி எனக்குத் தெரியும். பத்துமலையில் 272 படி. அடிவாரத்தில் முருகன் சிலையருகே உட்காரலாம், ஏற வேண்டாம் என்று சமாதானம் சொன்னேன். அம்மா அசையவில்லை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அத்தைக்கு முட்டியில இல்ல வலி" என்றார்.

விஷயத்தை உடைத்தது மகள். அவள் பாட்டியின் அறையில்தான் படுப்பாள். எனக்கு நாற்பத்தொரு வருடமாகத் தெரியாதது அவளுக்கு ஒரே இரவில் தெரிந்துவிட்டது.

என் தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, செலாமா சாலையில் இருந்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அது தோட்டத் துண்டாடல் காலம். நாடு சுதந்திரம் அடைந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டு வாங்கியவருக்கு மரம் வேண்டும், ஆள் வேண்டாம். லயத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் கதையை வயதான எந்த நம்மவரிடமும் கேட்கலாம். ஆளையே விரட்டுகிறார்கள் என்றால் தோட்டத்தை நாமே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டவர் சுங்கைசிப்புட்காரர், துன் வீ. தி. சம்பந்தன். அப்போது அவர் ம.இ.கா. தலைவர், அமைச்சர். பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் சங்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக நானும் படித்ததுதான்.

பாடப்புத்தகத்தில் இல்லாதது, அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்பது. "மூணு நாள் கூலி பாப்பா அது" என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறார் அம்மா. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. அம்மாவுக்குப் பதினொரு வயது. தைப்பிங் கடையில் ஒரு பச்சைப் பாவாடைத் துணி பார்த்து வைத்திருந்தார்கள். அதற்கென்று பாட்டி சேர்த்து வைத்த பணத்தைத் தாத்தா எடுத்துப் போய்ச் சங்கத்தில் கட்டிவிட்டார். பாட்டி மூன்று நாள் தாத்தாவோடு பேசவில்லை. அம்மா பழைய பாவாடையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு தீபாவளி கொண்டாடினார்.

"கேயல்லுல ஒரு பெரிய கட்டடம் கட்டுவாங்க, அதுல ஒன் பாவாடையும் இருக்கும்" என்றாராம் தாத்தா. வேடிக்கைக்குச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா, தெரியவில்லை. சொன்னதைச் சொன்னபடி ஒருவர் அறுபது வருடத்துக்கு மேல் ஞாபகம் வைத்திருக்கிறார்.

தாத்தாவுக்குப் பிறகு அந்தப் பங்கு முறைப்படி மாமா பெயருக்குப் போனது. அதில் எந்தக் குறையும் இல்லை. எங்கள் தோட்டம் சங்கத்தின் கைக்கு வரவும் இல்லை. வேறு யார் யாரோ வாங்கி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, நாங்கள் கமுந்திங் தாமான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மாவிடம் மிஞ்சியது, ஒரு மைலோ டின்னுக்குள், பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில், மடிப்புக் கிழிந்த ஒரு ரசீது. அதை மகள்தான் எனக்கு எடுத்துக் காட்டினாள். மை மங்கி, தாத்தாவின் பெயர் மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

எக்செல்லைத் திறந்தேன். கெந்திங்கை அழித்தேன்.

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தலைநகருக்குத் திட்டம் போடும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும், நான் முதலில் கவனிக்கவில்லை: இரட்டைக் கோபுரத்தின் பார்வையாளர் மாடம் திங்கட்கிழமை மூடியிருக்கும். அலுவலகக் கட்டடங்களோ ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். எனவே கோபுரம் ஞாயிறு, அம்மாவின் கட்டடம் திங்கள் என்றுதான் வைக்க முடியும். திங்கட்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கெந்திங்குக்குப் பஸ் ஏறுவதாக இருந்த இரண்டு பிள்ளைகளின் முகமும் விழுந்தது. மகள் சமாளித்துக்கொண்டாள், கதையைக் கண்டுபிடித்தவளே அவள்தானே. மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாட்டிமார் வழிப் பழக்கம் போலிருக்கிறது.

ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கமுந்திங்கிலேயே நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா இ.டி.எஸ். ரயிலும் நிற்பதில்லை. நேரம் ஒத்து வராததால் தைப்பிங்கில் ஏறினோம். கமுந்திங் ராயாவிலிருந்து விரைவுப் பஸ்ஸும் உண்டு, விலையும் குறைவு. ஆனால் வயதானவர்களுக்குக் கழிவறை உள்ள ரயில்தான் நல்லது. விடுமுறை நேரத்தில் இடம் சீக்கிரம் முடிந்துவிடும். மூத்த குடிமக்களுக்குக் கட்டணக் கழிவு இருக்கிறது, பதியும்போது சரியான பிரிவைத் தேர்ந்தெடுங்கள். நான் அவசரத்தில் அம்மாவைப் 'பெரியவர்' என்று முழுக் கட்டணத்தில் போட்டுவிட்டு, பிறகு ரத்து செய்து மறுபடி எடுத்தேன்.

தைப்பிங் நிலையத்தில் மகனுக்கு ஒரு செய்தி சொன்னேன், சமாதானத்துக்கு. மலாயாவின் முதல் ரயில் ஓடியது இங்கேதான், 1885 ஜூன் 1, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு. கோலாலம்பூருக்கு ரயில் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். "அப்பன்னா நாமதான் கேப்பிட்டலா?" என்றான். பேராவின் தலைநகராகத் தைப்பிங்தான் 1937 வரை இருந்தது என்றதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். புக்கிட் பெராப்பிட் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்து இருட்டானபோது கெந்திங்கை மறந்தே போனான்.

கோலகங்சார் தாண்டி, சுங்கைசிப்புட்டில் பெயர்ப்பலகையைப் பார்த்த அம்மா, "இவரு ஊருதான்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

சனி, ஞாயிறு இரண்டு நாளையும் விவரிக்கப் போவதில்லை. மஸ்ஜிட் இந்தியாவில் இரண்டு மணி நேரம் என்று போட்டது நான்கு மணி நேரம் ஆனது. பத்துமலைக்குக் கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயிலில் நேராகப் போனோம். காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் இல்லை. அம்மா அடிவாரத்திலேயே உட்கார்ந்து, நாங்கள் இறங்கி வரும்வரை ஜொகூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை விவரத்தையும் வாங்கி வைத்திருந்தார். இரட்டைக் கோபுரத்தில் நடைபாலத்தைத் தாண்டி மேல் மாடத்துக்கும் போனோம். 452 மீட்டர் உயரக் கோபுரத்தின் கண்ணாடிக்குப் பக்கத்தில் போக அம்மா மறுத்துவிட்டார். நடுவில் நின்று, "நல்லா தொடச்சு வச்சிருக்காங்க" என்று தரையைப் பாராட்டினார்.

திங்கட்கிழமை காலை அம்மா எல்லாருக்கும் முன்னால் குளித்துவிட்டு, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேஎல் சென்ட்ரலில் மோனோரயில் ஏற, பேரங்காடி ஒன்றின் உள்ளே புகுந்து நடக்க வேண்டியிருக்கிறது. முட்டி வலி உள்ளவர்களோடு போனால் நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறியதும் அடுத்த நிலையம் துன் சம்பந்தன். அதற்கு அடுத்தது மகாராஜாலேலா. 1875-இல் பர்ச் துரையைக் கொன்ற கதையில் வரும் அதே பேராக்காரர். அடுத்தடுத்து இரண்டு நிலையத்துக்கும் எங்கள் மாநிலத்தார் பெயர் என்பதை நான் பெருமையாகச் சொல்ல, யாரும் காதில் வாங்கவில்லை. அங்கே இறங்கி ஒரு கார் பிடித்தோம்.

கட்டடத்தின் முன்னால் கார் நின்றது. அம்மா இறங்கி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நான் உள்ளே போய்க் கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகள் படம் எடுத்தாள். ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்கலாம் என்றாள். "அது எதுக்கு, காத்துல போயிரும்" என்றார் அம்மா. ரசீதைக் கொண்டுவந்திருக்கிறார் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சற்றுத் தள்ளி வானத்தில் மெர்டேக்கா 118 நின்றது. 678.9 மீட்டர், உலகிலேயே இரண்டாவது உயரம் என்று மகன் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே சொன்னான். அம்மா அதையும் பார்த்தார், இதையும் பார்த்தார்.

"அது யாரு காசு?"

பி.என்.பி. கட்டியது, அமானா சஹாம் எல்லாம் அவர்களுடையதுதான் என்றேன். என்னிடமும் கொஞ்சம் அமானா சஹாம் மலேசியா இருக்கிறது, அந்தக் கணக்கில் அதிலும் நம்முடைய செங்கல் ஒன்று இருக்கலாம் என்றேன்.

"அப்ப ஒன் பொண்டாட்டிக்குப் பாவாடை வாங்கிக் குடுக்காம கட்டுனியா?"

மனைவி, "நல்லா கேளுங்க அத்தை" என்றார், கையில் நான்கு சேலைப் பைகளோடு.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். வாயிலில் ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். இரண்டு பேர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். தாத்தாவைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"நேத்து பாத்ததுக்கு இது கொஞ்சம் சின்னதுதான்" என்றார். "பத்து வெள்ளிக்கு இவ்வளவு போதும்."

பிறகு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, எங்கேயாவது தோசை கிடைக்குமா என்று கேட்டார். பத்தரை மணி. கட்டத்தில் அந்த நேரத்துக்கு நான் ஒன்றும் போட்டு வைத்திருக்கவில்லை.