ஜெல்லில் நிற்காத புரதம்

மட்டியின் ஓட்டுக்குள் கத்தியை நுழைத்துத் தசையை அறுத்த பிறகு கை வேகமாக ஓட வேண்டும். செவுளில் ஒரு துண்டு, செரிமானச் சுரப்பியில் ஒரு துண்டு, இரண்டும் நேரே திரவ நைட்ரஜனுக்குள். தாமதித்தால் மட்டியின் சொந்த நொதிகளே புரதங்களை நறுக்கிவிடும். பிறகு புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் தெரிவது நானோ துகளின் வேலையா, ஆய்வாளரின் மெத்தனமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நானோ துகள் கலந்த நீரில் மட்டிகளை வைத்திருந்த தொட்டியில் ஒன்றுகூடச் செத்திருக்காது. சாவை எண்ணும் சோதனை பழையது, எளியது. ஆனால் நீரில் கலக்கும் நானோ துகளின் அளவு பெரும்பாலும் உயிரைக் கொல்லும் அளவாக இருப்பதில்லை. உயிரோடு இருக்கும் உடலுக்குள் என்ன குலைகிறது என்பதே கேள்வி. அதனால்தான் புரதங்களைத் தேடிப் போகிறார்கள்.

துகள் நீருக்கு வரும் வழி வீட்டிலேயே இருக்கிறது. நாற்றம் வராமலிருக்க வெள்ளித் துகள் சேர்த்த காலுறைகள் கடைகளில் விற்கின்றன. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிச் சிலவற்றை வாங்கி நீரில் அலசி, கழிவுநீரில் வெள்ளி இறங்குவதை 2008-இல் காட்டினார்கள். மணிக்கு லிட்டர் கணக்கில் நீரை வடிகட்டித் தின்னும் மட்டி, இதைப் பிடித்துப் பார்க்கத் தோதான உயிர். கடலின் உப்பில் துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாவதால், அவற்றையும் இரையென்றே உள்ளிழுத்துக்கொள்கிறது.

ஆனால் வெள்ளித் துகள் நீரில் மெல்லக் கரைந்து அயனியாகவும் மாறும். அப்படியானால் கெடுதல் செய்தது துகளா, கரைந்த வெள்ளியா? போர்ச்சுகலின் அல்கார்வே பல்கலைக்கழகக் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராக எதிர்கொண்டது. ஒரு பங்கு மட்டிகளுக்கு வெள்ளித் துகள், இன்னொரு பங்குக்குக் கரைந்த வெள்ளி, மூன்றாவதற்கு வெறும் கடல்நீர். அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காலம் 15 நாள். சில புரதங்கள் இரண்டு வெள்ளிக்கும் மாறின. சில துகளுக்கு மட்டுமே மாறின. இந்த அயனித் தொட்டி இல்லாமல் வரும் கட்டுரைகளில் ‘நானோ’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் படிப்பது நல்லது.

ஜெல் வேலை பொறுமையைத் தின்னும். புரதங்களை முதலில் மின்னூட்டத்தை வைத்து ஒரு கோட்டில் பிரித்து, பிறகு எடையை வைத்துக் கீழ்நோக்கி ஓடவிடுவார்கள். பேட்ரிக் ஓ'ஃபேரல் 1975-இல் தந்த முறை இது. முடிவில் கண்ணாடிபோன்ற ஜெல்லில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். மங்கலான புள்ளிகள் தெரிய வேண்டுமானால் பெரும்பாலும் வெள்ளி நைட்ரேட்டில் சாயமேற்றுவார்கள். வெள்ளி தின்ற மட்டியின் புரதத்தைக் காட்டவும் வெள்ளியே வேண்டியிருக்கிறது!

வெட்டியெடுத்த புள்ளி, அது எந்தப் புரதம் என்று அறிய, நிறை நிறமாலைமானிக்குப் போகும். அந்தக் கருவியின் கதையிலும் நுண்துகள் உண்டு. கியோட்டோவில் கோய்ச்சி தனாகா 1985-இல் கைத்தவறாகக் கிளிசரினைக் கோபால்ட் நுண்தூளில் கலந்துவிட்டார். விலையுயர்ந்த தூளை எறிய மனமில்லாமல் அதையே சோதித்துப் பார்த்தார். பெரிய மூலக்கூறுகளை உடைக்காமல் அளக்க வழி பிறந்தது. 2002-இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது.

கருவி பெயர் சொல்லிவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. பல சமயம் அது சொல்லும் பெயர் கெராட்டின், அதாவது ஆய்வாளரின் தோலும் முடியும். மட்டியின் மரபணுத் தொகுதி முழுமையாகக் கைக்கு வராத காலத்தில் பல புள்ளிகள் பெயரில்லாமலே கிடந்தன. இன்னொரு வம்பும் உண்டு. எந்த உயிரை எதைக் கொண்டு வதைத்தாலும் ஈனோலேஸ், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப் பழகிய முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. 2008-இல் ஒரு செக் நாட்டுக் குழு இதை எண்ணியே காட்டியது. அவை மட்டி அவதிப்படுவதைச் சொல்லும். யாரால் என்று சொல்லாது.

உலோகம் உடலுக்குள் வந்ததும் அதைப் பிடித்து வைக்கும் முக்கியமான புரதம் மெட்டல்லோதயோனீன். எடையில் மிகச் சிறியது. வழக்கமான ஜெல்லில் சாய முனையோடு ஓடி, அடியால் வெளியேறிவிடும். அதைத் தனியே வேறு முறையில் அளந்தாக வேண்டும். அதைச் செய்யாமல், புள்ளிகள் மாறவில்லை என்ற ஒரே காரணத்தால் மட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவது தவறு.