எண்ணெய் வைக்காத தலை

பழனியில் மொட்டை போட்டும் அரிப்பு நிற்கவில்லை. விடிந்தால் நகக்கண்ணில் ரத்தம். "சூடுதான்டா" என்று அம்மாச்சி சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிடும். அந்தக் கைக்காகவே தலையைக் கொடுப்பேன்.

திண்டுக்கல்லில் தோல் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொடுகுதான் தம்பி. மலசீசியான்னு ஒரு பூஞ்சை, எல்லார் தலையிலயும் இருக்கும். உங்களுக்கு ஒத்துக்கல. எண்ணெய்தான் அதுக்குச் சாப்பாடு." கீட்டோகோனசோல் 2% ஷாம்பு. வாரம் 2 தடவை, நுரையை 5 நிமிடம் ஊறவிட்டு அலசணும்.

நாலாவது வாரம் விடியவிடியத் தூங்கினேன்.

அம்மாச்சியிடம் சொல்லத்தான் பயம். சொன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, காலை நீட்டு. உள்ளங்கால்லயாச்சும் தேய்க்கிறேன்."