89 நாள் அதிசயம்!

பாஸ்டன் போனால் காஸில் ஐலண்டுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். அக்கரையில் லோகன் விமான நிலையம். இக்கரையில், டொனால்ட் மெக்கேவுக்கு நினைவுத்தூண். கிழக்கு பாஸ்டனில் 1851-ல் அவர் கட்டிய கிளிப்பர் கப்பல்தான் ‘ஃப்ளையிங் கிளவுட்’.

கலிஃபோர்னியாவில் தங்கவேட்டை நடந்த காலம். பனாமா கால்வாய் ஏது அப்போது? நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னைச் சுற்றித்தான் சான் பிரான்சிஸ்கோ போக வேண்டும். சாதாரணக் கப்பலுக்கு ஆறு மாதத்துக்கு மேலாகும். ஃப்ளையிங் கிளவுட் தன் முதல் பயணத்திலேயே 89 நாள் 21 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அதுவும் கிளம்பிய சில நாட்களிலேயே பாய்மரம் முறிந்து, நடுக்கடலில் சரிசெய்துகொண்டு!

வழி கணித்தது யார் தெரியுமா? கேப்டன் ஜோசியா கிரீசியின் மனைவி எலினார். அப்பாவிடம் சிறு வயதிலேயே கற்ற வித்தை. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து, காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டு அவர் சொல்ல, கணவர் கப்பலைத் திருப்பினார். (எந்த வீட்டில்தான் இல்லை இது!) 1854-ல் அதே தம்பதி, தங்கள் சாதனையில் இன்னும் 13 மணி நேரத்தைக் குறைத்தார்கள். 1989 வரை எந்தப் பாய்மரக் கப்பலும் அதை முந்தவில்லை.

கப்பலின் முடிவுதான் மனதைப் பிசைகிறது. 1874-ல் கனடாவின் செயின்ட் ஜான் அருகே தரைதட்டியது. மறு வருடம், அதிலிருந்த உலோகத்துக்காக எரித்துவிட்டார்கள்.